ராசியக்காவின் கை

குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுடைய சொந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. முதலாளியம்மாவிலிருந்து வாசல் கூட்டுகிறவள் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ராசியக்காதான். அவள் கை பட்ட முட்டை வீண் போகாது என்று பேச்சு. வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியாது, கண்ணால் கண்டதுதானே. அவள் தட்டில் அடுக்கி வைத்த முட்டைகள் மூன்று வாரம் சூட்டில் இருந்து பொரிகிற நாளில் பெட்டியின் கதவைத் திறந்தால், மஞ்சள் பஞ்சைக் கொட்டி வைத்த மாதிரி குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கூமுட்டை என்று ஒதுக்குவதற்குக் கைப்பிடியளவுதான் கிடைக்கும்.

குஞ்சுகளைக் கூடையில் போட்டு வண்டியேற்றுகிற கூடைக்காரர் வாய்த்துடுக்கானவர். "அக்கா, உங்க கையை ஒரு நாளைக்கு இரவல் குடுங்க. என் வீட்டுக்காரி சமையலைத் தொட்டுட்டுத் திருப்பித் தந்துடறேன்" என்பார்.

"கைக்கென்ன, தாராளமா எடுத்துட்டுப் போங்க. உங்க நாக்குதான் கெட்டுக் கிடக்கு, அதை யார்கிட்ட மாத்துறது?" என்பாள் இவள்.

வாயில்தான் இந்த அலட்சியம். மனசுக்குள் அந்தப் பெயரை அவள் பட்டுத்துணி மாதிரி மடித்து வைத்திருந்தாள். தெருவில் செடி நடுகிறவர்கள் அவளைக் கூப்பிட்டு முதல் குழியில் வைக்கச் சொல்வார்கள். கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கிறவள் முதல் தையலை அவளைப் போடச் சொல்வாள். படிப்பு இல்லை, நகை இல்லை, புருஷன் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்கிறவன் இல்லை. அவளுக்கென்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அடைப்பெட்டி என்பது துணி வைக்கிற பீரோவைப் போல உயரமான பெட்டி. உள்ளே தட்டுத்தட்டாக முட்டைகள். சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் முட்டையை, அதுவும் வைத்த முதல் வாரத்தில், ஒரே பக்கமாகப் போட்டு வைத்தால் உள்ளே இருக்கிற கரு ஓட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அடை காக்கிற கோழி அதற்காகத்தான் மூக்கால் முட்டையை உருட்டி உருட்டி விடுகிறது. பெட்டிக்கு மூக்கு இல்லை. அதனால் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள். அதை இழுத்தால் தட்டுகள் எல்லாம் இடப்பக்கம் சாயும், தள்ளினால் வலப்பக்கம் சாயும். தானாக மாற்றுகிற மோட்டார் ஒன்று முன்பு இருந்தது, எரிந்துபோய் நாளாகிவிட்டது. எனவே காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் பொரிப்பகத்தை அடைக்கும்போது ஒரு தடவை கையால் மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மாற்றிவிடு, அவ்வளவுதான் சட்டம்.

பல வருஷமாக மூன்று வேளையையும் ராசியக்கா ஒருத்தியே பார்த்தாள். வீடு அடுத்த தெருவில்தான். அடைக்கிற நேரத்துக்கு ஒரு நடை வந்து கைப்பிடியைத் தள்ளிவிட்டுப் போவாள். முழங்கால் வலி வந்து நடை தள்ளாடத் தொடங்கியபோதுதான், மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்று முதலாளியம்மா சொன்னாள். வந்து சேர்ந்தவள் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள்.

இதில்தான் சங்கடம். ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷம் திரும்பியிருந்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் இருந்தது ஒரே வீடு. நடுவில் பலகை அடித்துத் தடுத்திருந்தார்கள், சமையற்கட்டும் பின்பக்கக் குழாயும் பொது. சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். அவள் முதுகு திரும்பியதும் ராசியக்கா அத்தனையையும் எடுத்து இன்னொரு தரம் தேய்ப்பாள். சண்டைக்காக அல்ல. பிறத்தியார் செய்த வேலையில் அவளுக்குத் திருப்தி வராது, அது ஒரு குணம். ஒருநாள் சின்னவள் பார்த்துவிட்டாள்.

"ஏன்க்கா, நான் தேய்ச்சது எச்சிலாவா இருக்கு?"

"எச்சிலா இருக்குன்னு யாரு சொன்னா? பிசுக்கு போகலை, போக வச்சேன்."

"அப்போ முதல்லயே நீங்களே தேய்ச்சுக்கலாமே. எனக்கு எதுக்கு இந்த வேலை?"

அதோடு சரி. சின்னவள் பாத்திரத்தைத் தொடுவதை விட்டாள், ராசியக்கா பேச்சை விட்டாள். சொல்லியே ஆக வேண்டிய விஷயம் என்றால் தடுப்புப் பலகையைப் பார்த்துச் சொல்வார்கள். "யாரோ குழாயை மூடாம வந்துட்டாங்க" என்று பலகையிடம் ஒருத்தி சொல்வாள். "மூட வர்றதுக்குள்ள யாரோ குத்தம் கண்டுபிடிச்சுட்டாங்க" என்று அந்தப் பக்கமிருந்து பலகை பதில் சொல்லும். நடுவில் அகப்பட்ட ஆண்கள் இரண்டு பேரும் செவிடு மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கொழுந்தன்தான் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவளை வேலைக்கு எடுத்துக்குவாங்க. வீட்ல உட்கார்ந்து உட்கார்ந்து என் தலையைத் தின்னுறா." கொழுந்தனைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள், முகத்தை முறிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொன்னாள். ஆனால் வேலையைச் சொல்லிக் கொடுத்தது முதலாளியம்மாதான். ராசியக்கா பக்கத்தில் நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் காலையில் வந்து முதல் முறை மாற்றுவது ராசியக்கா. மதியம் சின்னவள் வந்து இரண்டாவது முறையும், அடைக்கும்போது மூன்றாவது முறையும் மாற்ற வேண்டும். ஒருத்தி வெளியே வருவாள், ஒருத்தி உள்ளே போவாள். "மாத்திட்டேன்" என்ற ஒரு சொல் அந்த வாசலில் இரண்டு பேர் வாயிலிருந்தும் விழுந்ததில்லை.

மூன்று வாரம் கழிந்து கதவைத் திறந்தபோது தட்டில் பாதிக்குப் பாதிதான் குஞ்சு. மற்றதெல்லாம் அசையாத முட்டை. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழு வளர்ச்சி கண்ட குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துக் கிடந்தது. சில, மூக்கால் ஓட்டைக் குத்தப் பார்த்து, திசை தப்பிக் குத்தி, மூச்சுமுட்டிப் போயிருந்தன. ராசியக்கா அந்தத் தட்டைக் கழுவக் கொண்டுபோனவள், கழுவாமல் தொட்டி விளிம்பில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரத்துத் தட்டு நன்றாகப் பொரிந்தது. அதற்கடுத்தது மோசம். பிறகு இரண்டு சுமார், ஒன்று படுமோசம். இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏறி இறங்கியதுதான் எல்லோரையும் குழப்பியது. எப்போதும் மோசமென்றால் பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். முட்டை கொடுக்கிற பண்ணையை மாற்றிப் பார்த்தார்கள். கோழி டாக்டர் வந்து சூட்டைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், செத்த குஞ்சுகளைக் கிழித்தும் பார்த்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். "மாத்துறதுல ஏதோ குறை இருக்கற மாதிரி தெரியுது. வேளை தவறாம மாத்துறீங்களா?" என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார்.

"ஒரு வேளை கூட விட்டதில்லைங்க" என்றாள் ராசியக்கா. சின்னவளும் அதையே சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. டாக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனார்.

ராசியக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். காலையில் தான் மாற்றிவிட்டுப் போகிறபோது கைப்பிடி இடப்பக்கம் இருக்கும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், வைத்தது வைத்தபடி அதே இடப்பக்கம்! சின்னவள் மதியமும் தொடவில்லை, சாயங்காலமும் தொடவில்லை, உட்கார்ந்து கதை பேசிவிட்டு வந்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அடிப்பாவி, உசிரு உள்ள பொருளாச்சே என்று வயிறு எரியும். அப்படி எரிகிற நாளில், அவள் விட்டதற்கு ஒன்று, தன் முறைக்கு ஒன்று என்று கைப்பிடியை இரண்டு தடவை மாற்றிவிடுவாள். வீட்டில் முகம் கோணாத நாட்களில் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்கவே தோன்றாது, ஒரு தடவை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள்.

நடுவில் சின்னவள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்தாள். கர்ப்பம் உறுதியாகியிருந்தது, தாய்வீட்டு ஆசை. அந்த நாட்களில் மூன்று வேளையும் ராசியக்காவே வந்து மாற்றினாள். அப்போது வைத்த முட்டைகள் பொரிந்த நாளில், பழையபடி மஞ்சள் பஞ்சு மூட்டை. கூடைக்காரர் கூடை போதாமல் ஓடினார். "பார்த்தீங்களா அக்கா, உங்க கை மட்டும் பட்டா எப்படி வருது" என்றார்.

அப்போது ராசியக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "கை எல்லாருக்கும் ஒண்ணாவா இருக்கும்?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் பழம் விழுந்ததைப் பார்த்தவன் காக்கையைத்தானே சொல்வான். சின்னவள் கை ஆகாத கை என்று பொரிப்பகத்தில் ஆரம்பித்த பேச்சு, தெருக்குழாயைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. இதற்கிடையில் ராசியக்கா காய்ச்சலில் படுத்துக் கிடந்த ஒரு வாரம், சின்னவள் ஒருத்தியே மூன்று வேளையும் மாற்றிய முட்டைகளும் ஒன்று விடாமல் பொரிந்தன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அடுக்கி வச்சது ராசியக்கா, படுத்தது அப்புறம்தானே" என்று கூடைக்காரர் அதற்கும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார்.

சின்னவள் யாரோடும் வாதாடவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் ராசியக்கா சமையற்கட்டிலிருந்து எதேச்சையாகப் பார்த்தாள். சின்னவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். வயிறு மேடு தெரியத் தொடங்கியிருந்தது. வயிற்றுக்காரி எவளுக்கும் கை தானாக வயிற்றுக்குப் போகும், அது யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இவளுக்கும் போனது. தொடப்போன கை நடுவழியில் நின்றது. பிறகு அதைச் சேலை மடிப்புக்குள் சொருகி, இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், திருடிய பொருளை ஒளிக்கிறவள் மாதிரி.

ராசியக்காவுக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்று மறந்துபோனது. தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் திரும்பினாள். அன்று இரவு புருஷன் "என்ன, இன்னைக்குப் புகை போட்டுச் சமைச்சியா?" என்று கேட்டான். சின்னவள் சோம்பேறி என்று தான் நினைத்தது வேறு. தன் பிள்ளையைத் தொடப் பயப்படுகிற நிலைமைக்கு அவள் வருவாள் என்று யார் கண்டது?

மறுவாரம் முதலாளியம்மா இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். சின்னவளிடம் இந்த வாரத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டதாக ராசியக்காவிடம் சொன்னாள். "எனக்கு ராசி கீசியில எல்லாம் நம்பிக்கை இல்லக்கா. ஆனா அவ லீவு போனப்ப நல்லா வந்துச்சு, அதைத்தான் நான் பார்க்க முடியும்" என்றாள். கேட்க ஆசைப்பட்ட சேதிதான். கேட்டபோது இனிக்கவில்லை.

அன்று மதியம் வேலை முடிந்து பாதி வழி போனவள், வீட்டுச் சாவியைக் கொக்கியிலேயே விட்டுவந்தது நினைவு வந்து திரும்பினாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சின்னவள் கைப்பிடிக்கு முன்னால் நின்றாள். அதையே பார்த்துக்கொண்டு, "நேத்து நான் விட்டது விட்டபடியே இருக்கு. வந்தாங்க, கூட்டினாங்க, கிளம்பிட்டாங்க" என்று முணுமுணுத்தாள். பிறகு கைப்பிடியை இழுத்தாள். தட்டுகள் சாய்ந்தன. ஒரு மூச்சு விட்டுவிட்டு, திரும்பத் தள்ளினாள். தட்டுகள் பழைய இடத்துக்கு வந்தன.

ராசியக்காவுக்கு உச்சந்தலையில் தீ வைத்தது போலிருந்தது. சாவியை மறந்தாள், முழங்காலை மறந்தாள், நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள்.

"அம்மா, வந்து பாருங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க. பெட்டியை வச்சு ஊஞ்சல் ஆடறா. இழுக்கறா, உடனே தள்ளறா. முட்டை எப்படி உருப்படும்?"

முதலாளியம்மா டீயை வைத்தாள். "எதுக்குக்கா அப்படிச் செய்யணும்? பைத்தியமா அவளுக்கு?"

"நான் காலையில மாத்தலைன்னு நினைச்சுக்கிட்டு, என் முறையையும் சேர்த்து மாத்தறாளாம். என்னை! நான் விட்டிருப்பேனா?"

"இன்னைக்கு நீங்க மாத்துனீங்கல்ல?"

"ஒண்ணுக்கு ரெண்டா மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு ராசியக்கா நிறுத்தினாள்.

"ரெண்டாவா? ஏன்?"

ராசியக்கா மெதுவாக, "நேத்து அவ மாத்தலை. நான் வச்சது வச்சபடி இருந்துச்சு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றாள்.

முதலாளியம்மா மேசைமேல் தன் உள்ளங்கையை மேல்பார்க்க வைத்தாள். "இது நீங்க காலையில வச்சது. மதியம் அவ மாத்தறா" என்று கையைக் கவிழ்த்தாள். "சாயங்காலம் மறுபடி மாத்தறா." கை மறுபடி மல்லாந்தது. "இப்ப மறுநாள் நீங்க வந்து பார்க்கறீங்க. என்ன தெரியும்?"

ராசியக்கா தன்னுடைய கையை எடுத்து மேசைமேல் வைத்துத் தானே செய்து பார்த்தாள். கவிழ்த்தாள், மல்லாத்தினாள். கை வைத்தது வைத்தபடியே கிடந்தது. மறுபடி செய்தாள். எத்தனை தரம் செய்தாலும் அப்படியேதான் கிடந்தது. சின்னவள் இரண்டு வேளையும் ஒழுங்காக மாற்றியதால்தான் கைப்பிடி அசையாத மாதிரி இருந்திருக்கிறது. ஒழுங்காகச் செய்த வேலை, செய்யாத வேலையின் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. அதைப் பார்த்துத் தான் இரண்டு தடவை மாற்ற, தன் வேலையும் செய்யாத வேலையாகி, மதியம் வந்தவள் அதைப் பார்த்து இவளைச் சந்தேகப்பட்டு, அவளும் இரண்டு தடவை. பாத்திரத்தை இரண்டு தரம் தேய்த்தால் பளபளப்பு கூடும். முட்டையை இரண்டு தரம் மாற்றினால் மாற்றாத கணக்கு. ராத்திரி முழுக்க ஒரே பக்கம், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அதே பக்கம். வீட்டில் பலகையோடு பேசிய பேச்சு எந்த வாரம் சூடாக இருந்ததோ, அந்த வாரத்துக் கரு ஓட்டில் போய் ஒட்டியிருக்கிறது. மூன்று வாரம் கழித்துக் கதவைத் திறக்கிறபோது அந்தச் சண்டை யாருக்கு நினைவிருக்கும்?

"அதனாலதான் அவ இல்லாதப்பவும் நல்லா வந்துச்சு, நீங்க படுத்திருந்தப்பவும் நல்லா வந்துச்சு" என்றாள் முதலாளியம்மா. "ஒருத்தர் மட்டும் பார்த்தா கணக்கு தப்பலை. முன்னாடி நீங்க தனியா பார்த்தீங்களே, அப்பவும் அதுதான்."

கடைசியில் சொன்னதை அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ராசியக்கா மேசையிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை வருஷத்துப் பெயரும் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று.

"அவளை நிறுத்த வேண்டாம்மா."

"நிறுத்தலை. ஆனா அவகிட்ட நீங்கதான் சொல்லணும். ஒரே வீட்ல இருக்கீங்க, நான் நடுவுல பலகை மாதிரி நிக்க முடியாது."

அன்று சாயங்காலம் சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ராசியக்கா தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். நாக்கு பழக்கதோஷத்தில் "யாரோ" என்று ஆரம்பித்தது. பிறகு திருத்திக்கொண்டு, "நீ உட்காரு, நின்னுக்கிட்டே கேட்காத" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கையைக் கவிழ்த்து மல்லாத்திக் காட்டினாள். சின்னவள் மடித்த துணியையே திரும்ப விரித்துத் திரும்ப மடித்தாள்.

"இப்ப வந்து சொல்றீங்க" என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "கூடைக்காரர் வீட்டம்மா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்கறாங்க. போன வாரம் எதிர்வீட்டுக் குழந்தையைத் தூக்கப் போனேன், அதோட பாட்டி வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"நான் போய்ச் சொல்றேன் அவங்ககிட்ட."

"என்னன்னு சொல்வீங்க?"

"உன் கையில ஒண்ணும் இல்லைன்னு. எல்லாக் கையும் கைதான்னு."

"உங்க கையுமா?"

ராசியக்கா தலையை ஆட்டினாள். சின்னவள் விடவில்லை. "தலையை ஆட்டாதீங்கக்கா. இங்க என்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்க ஆரம்பிச்சீங்களோ அங்க, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இது பிறக்கறதுக்குள்ள சொல்லுங்க. பிறந்த அப்புறம் ஒரு தும்மல் வந்தாக்கூட என் கையைத்தான் பார்ப்பாங்க. நானே பார்ப்பேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் ராசியக்காவைத் தூங்க விடவில்லை.

மறுநாள் வண்டி ஏற்றுகிற நேரத்தில், எல்லோரும் கூடியிருந்தபோது, அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுது பாதி, அவளுது பாதி. கையில ராசியும் இல்லை, பீடையும் இல்லை. என் கையிலயும் எதுவும் கிடையாது, முன்னாடியும் கிடையாது. கைப்பிடியை ஒருத்தியா மாத்தினேன், அதனால பொரிஞ்சுது."

கூடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ளாத குறைதான். "பார்த்தீங்களா, இதுக்குப் பேருதான் பெரிய மனசு. ஓரகத்தி பேரு கெடக்கூடாதுன்னு தன் பேரையே விட்டுக்கொடுக்கறாங்க. கை மட்டுமா ராசி, மனசும் ராசி."

"அட மனுசா, நான் சொல்றது விளங்கலையா உங்களுக்கு? இங்க வாங்க, கையை நீட்டுங்க" என்று அவர் கையைப் பிடித்துக் கவிழ்த்துக் காட்டினாள். அவர் பவ்யமாகப் பார்த்தார். "நீங்க பிடிச்ச கை, இனி எனக்கும் நல்ல காலம்தான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற சின்னவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ராசியக்கா பிடிவாதக்காரி. சொல்லியும் நம்பாதவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தாள். முதலாளியம்மாவிடம் போய், இனித் தான் முட்டையைத் தொடுவதில்லை, அடுக்குவதும் இல்லை, கைப்பிடி பக்கமே போவதில்லை, தட்டு கழுவுகிற வேலையைக் கொடுத்தால் போதும் என்றாள். மூன்று வேளையும் சின்னவளே பார்க்கட்டும். அவள் கையால் அடுக்கி, அவள் கையால் மாற்றி, அவள் கையால் பொரியட்டும். அப்போது என்ன சொல்வார்கள் பார்க்கலாம்.

தட்டு கழுவுகிற இடம் பின்பக்கம், வெயிலில். குளிர்ந்த தண்ணீரில் கை ஊறி ஊறி விரல்நுனி வெடித்தது. முழங்காலுக்கு நல்லதில்லை என்று புருஷன் சத்தம் போட்டான். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மூன்று வாரமும் அவளுக்கு ஒவ்வொரு நாளும் கனமாகத்தான் போனது. சின்னவள் மாற்றியிருப்பாளா என்ற பழைய நமைச்சல் காலையில் ஒரு தடவை வரும், மதியம் ஒரு தடவை வரும். போய் எட்டிப் பார்க்கக்கூடாது என்று தொட்டிக்குள் கையை அமுக்கிக்கொள்வாள். அவளோ வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமப்படுகிறாள். ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தட்டு மட்டும் பொய்த்துப்போனால் அப்புறம் யார் வந்து எந்தக் கையைக் கவிழ்த்துக் காட்டினாலும் ஒன்றும் நடக்காது. நன்றாகப் பொரிய வேண்டும் என்று அவள் தன் பேருக்காகக் கூட இப்படித் தவித்ததில்லை.

பொரிகிற நாள் வந்தது. உள்ளே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த கணம் கீச்கீச்சென்று ஒரே இரைச்சல். பாதித் தட்டுக்கு அந்த இரைச்சல் வராது, அது அவளுக்குத் தெரியும். கையிலிருந்த தட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். முதலாளியம்மாவின் சிரிப்பு கேட்டது. கூடைக்காரர் கூடையோடு ஓடுகிற காலடி கேட்டது. பிறகு அவருடைய குரலும் கேட்டது.

"அதானே பார்த்தேன். அக்கா கழுவின தட்டாச்சே. எங்கேயோ ஓரமா கை பட்டாலும் போதும், ராசி வேலை செய்யும்."

ராசியக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அங்கேயே நின்றாள். உள்ளே போய் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டு என்ன பிரயோஜனம்? அந்த நாலு வார்த்தையையும் எடுத்து ராசிக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

சின்னவள் பின்வாசலுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, புடவையில் ஓட்டுத்தூள்.

"கேட்டியா அந்த ஆளு பேசினதை?" என்றாள் ராசியக்கா. "நாளையிலருந்து நான் தட்டும் கழுவமாட்டேன். வீட்லயே உட்கார்ந்துக்கறேன். அப்ப எதைச் சொல்வான் பார்ப்போம்."

"வீட்ல உட்கார்ந்தீங்கன்னா, அங்கயிருந்து அக்கா நினைச்சுக்கிட்டாங்க, அதான் பொரிஞ்சுதும்பாங்க."

"அப்போ உன் பேரு?"

சின்னவள் கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "தெரியலைக்கா. அவங்க வாய் எப்ப ஓயும்னும் தெரியலை. கதவைத் திறந்தப்ப எனக்கு முதல்ல பயமாத்தான் இருந்துச்சு, இத்தனை பொரிஞ்சதைப் பார்த்த அப்புறமும் பாதிப் பயம் இருக்கு." உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "கீழ்த்தட்டு ரெண்டு இன்னும் எடுக்கலை. என்னால குனிய முடியலை. வந்து எடுத்துக் குடுங்க."

"நான் தொட்டேன்னு சொல்வாங்கடி."

"சொல்லட்டும். குஞ்சு உள்ள நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது, அதுக்கு மூச்சு முட்டும். வாங்க."

ராசியக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். வெடித்த விரலில் துணி பட்டு எரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பெட்டிக்கு முன்னால் குனிந்து, அடித்தட்டை இழுத்தாள்.